அக்காவின் சின்னச் சட்டி

எங்கள் அக்கா போய் இந்தக் கார்த்திகையோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி இந்த நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். நடந்ததை எழுதுகிறேன். நல்லது எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது தேவிகுளத்துக்குக் கீழே, தேயிலை எஸ்டேட் லயத்து வரிசையில் ஏழாவது வீட்டில். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. பதினாறு வயதில் கொழுந்து கிள்ளப் போய், என்னைப் பத்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். முப்பத்தொரு வயதில் அத்தானை இழந்தார். மகள் செல்வியைத் தனியாக வளர்த்தார்.

அந்தப் படிப்பால் எனக்குக் கொழுந்து நிறுக்கும் வேலை கிடைத்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் அக்காவும் என் தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றார். ஈரக் கொழுந்து என்றால் அவர் எடையிலும் இரண்டு கிலோ கழிப்பேன். கூட நிற்கும் பெண்கள் அவரைக் கேலி செய்வார்கள். "கழிக்கட்டும், எனக்கும் ஒரு நா வரும்லா," என்று அக்கா சிரிப்பார்.

என் மனைவி இறந்த பிறகு அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பத்து ஆண்டுகளுக்கு முன் தலைசுற்றி விழுந்தேன். ரத்த அழுத்தம், உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். உப்பில்லாமல் தின்பதைவிடச் செத்துப்போகலாம் என்று ஆஸ்பத்திரித் தட்டைத் தள்ளிவிட்டேன்.  வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அக்கா எப்போதும் போலக் கருவாட்டுக் குழம்பு வைத்தார். ருசி கொஞ்சம் மட்டாக இருந்தது. மாத்திரையால் நாக்கு மரத்திருக்கும் என்றார். நம்பினேன்.

பிறகு ஞாயிறுதோறும் அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணி எழுதினேன். சின்ன வெங்காயம் பதினொன்று, பூண்டு ஏழு பல், கருவாடு மூன்று துண்டு, மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்தது, உப்பு கால் கரண்டி. பக்கத்தில் பெரிய சட்டி ஒன்று, நான் வருமுன்பே கொதித்து மூடியிருக்கும். அதிலும் இதே குழம்புதான், சாப்பிட வரும் சொந்தம் பன்னிரண்டு பேருக்கு ஒரு சட்டி போதாது என்பார். நான் எண்ணிய அளவுகளைப் பன்னிரண்டு பேருக்கு நானே பெருக்கி எழுதிக்கொண்டேன். எனக்கு மட்டும் சின்னச் சட்டியிலிருந்து ஊற்றுவார். கடைக்குட்டிக்குச் செல்லம் என்று நினைத்தேன்.

கடைசி மூன்று நாள் அக்காவுக்குப் பேச்சு இல்லை. என் கையை ஐந்து முறை அழுத்தினார். அவ்வளவுதான்.

போன மாதம் செல்வி, அம்மாவின் குழம்பை மலரில் போட வேண்டும், மாமாதான் அளவெல்லாம் வைத்திருக்கிறார் என்றாள். நோட்டைப் பார்த்து நானே சமைத்தேன். பதினொரு பேர் வாயில் வைத்தார்கள்.  செல்வியின் கணவர் இருமினார்.

"மாமா, இது ஒங்க சட்டிக் கொழம்பு," என்றாள் செல்வி.

"அப்ப ஒங்க சட்டி எது?"

"பெருசு. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அம்மா எல்லாத்துட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க, மாமா."

ஊரில் இல்லாத நாட்களை விட்டால் நானூற்று நாற்பது ஞாயிறு. அத்தனை ஞாயிறும், உப்பு எவ்வளவு சரியாக நிற்கிறது என்று அக்காவை மெச்சியிருக்கிறேன். பதினொரு பேரும் தட்டைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள். ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை.

மறுவாரம் பெரிய சட்டிக் குழம்பைச் செல்வி வைத்துத் தந்தாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அப்படிக் கரித்தது. என்னைக் கேட்காமலே என் நாக்கை மாற்றிவிட்டார் அக்கா. தராசுக்கு முன்னால் சொன்ன அந்த ஒரு நாள் இதுதான் போலிருக்கிறது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், தூக்கிச் சுமந்தவர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குத் தேநீர் போட்டுத் தந்த லயத்துக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. அந்தப் பதினொரு பேருக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. என் மாத்திரை ஒன்றரையிலிருந்து அரையாகக் குறைந்தது உண்மை. அதை மறைக்கவில்லை.

குழம்பின் செய்முறை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. உப்பு என்ற சொல்லுக்கு எதிரே எண் இருக்காது. அச்சுப் பிழை அல்ல. கால் கரண்டி எனக்கு மட்டும் வைத்தது. உங்கள் எல்லோருக்கும் அக்கா எவ்வளவு போட்டார் என்பதை நான் பார்த்ததில்லை.