சோம்பேறியின் பட்டியல்

அலுவலகத்தில் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர். வைத்துக்கொண்டது அவளேதான். ஒரே விஷயத்தை இரண்டாம் முறை எழுத அவளுக்குக் கை வராது. பள்ளியில் நூறு முறை எழுதச் சொன்ன தண்டனையை மூன்று பேனாக்களைச் சேர்த்துக் கட்டி எழுதி முடித்தவள்.

துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. 'தண்ணீர் இல்லை', 'கதவு திறந்திருக்கிறது' என்று மொத்தம் நாற்பத்திரண்டு கோளாறுகள். மோட்டாரை இயக்கும் மின்பலகை கோளாறின் எண்ணை மட்டும் அனுப்பும்; திரையின் மின்பலகை அந்த எண்ணுக்குரிய பெயரைக் காட்டும். அத்தனையையும் மோட்டார் பலகையின் நிரலில் ஒரு முறை, திரைப் பலகையின் நிரலில் ஒரு முறை என்று கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் பட்டியலை ஒரே கோப்பில் வைத்தாள். கம்பைல் ஆகும்போது, அதாவது எழுதியதைக் கணினி இயந்திர மொழிக்கு மாற்றும்போது, நிரலே அதைப் படித்து, வரிசைப்படி எண் போட்டு, மீதியைத் தானே எழுதிக்கொள்ளும்.

மேலாளருக்கு நம்பிக்கை இல்லை. "ஒரே ஒரு தப்பு வரட்டும், மறுபடியும் கையாலதான்" என்று சொல்லியிருந்தார். அவளுடைய ஆறு மாத உழைப்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

சோதனை நாளன்று தண்ணீர்க் குழாயை மூடினார்கள். திரை 'கதவு திறந்திருக்கிறது' என்றது. மேலாளர் கதவைத் திறந்து, அழுத்தி மூடினார். மறுபடியும் அதே. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பட்டியலைத் திறந்து பார்த்தாள். யாரோ அதை அகரவரிசையில் அடுக்கியிருந்தார்கள். திரைப் பலகையில் இருந்தவை நேற்றைய எண்கள். இன்று காலை ஏற்றிய மோட்டார் பலகையில் புது எண்கள். பழுது பார்க்கும் பிரிவின் மெக்கானிக், திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றார். அவர் அவளுடைய கணவர்.

"தேடறதுக்குச் சுலபமா இருக்கட்டும்னு நேத்து சாயந்திரம் அடுக்கி வெச்சேன்."

"வீட்டுல ஒரு அலமாரிய அடுக்கினது உண்டா நீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவளுக்கே உறைத்தது. அடுக்கினால் உடைகிற பட்டியல் என்ன பட்டியல்?

"மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றாள்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலேயே அதன் எண்ணை எழுதினாள். ஓர் எண் விடுபட்டாலோ, இரண்டு பெயருக்கு ஒரே எண் வந்தாலோ கம்பைல் ஆகாதபடி செய்தாள். இரண்டு பலகைகளிலும் ஏற்றினாள்.

மேலாளர் விடுவாரா? தானே உட்கார்ந்து பட்டியலைத் தலைகீழாக்கி, மோட்டார் பலகையில் மட்டும் மறுபடி ஏற்றச் சொன்னார். குழாயை மூடினார். 'தண்ணீர் இல்லை' என்றது திரை. அடுத்து இரண்டு கோளாறுகளுக்கு ஒரே எண்ணைப் போட்டார். கணினி, தப்பு எந்த வரியில் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

"இது இங்கயே கத்துதே!"

"ஆமா சார். இல்லேன்னா மெஷின் வாங்கினவங்க கத்துவாங்க."

"சரிம்மா, உன் வழியே இருக்கட்டும்."

வாசலில் கணவர் தயங்கித் தயங்கி வந்தார். "இனிமே அந்தப் பட்டியல் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

"தாராளமா அடுக்குங்க. நீங்க என்ன பண்ணினாலும் உடையாத மாதிரிதான் கட்டியிருக்கேன்" என்றாள் அவள். "ஆனா முதல்ல அலமாரி."