உலகம்மாளின் மூக்கு

சாலைக் கடைத்தெருவின் பின் சந்தில் பெருங்காயப் பொட்டலம் கட்டும் உலகம்மாளுக்கு மூக்கு செத்துப் பல வருடமாகிறது. பதினோரு வருடம் அந்தக் காரத்தை இழுத்தால் எந்த மூக்குத்தான் தாங்கும்? பஸ்ஸில் ஏறினால் "பெருங்காயம் வந்தாச்சு" என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். அவளுக்குத்தான் அந்த வாடை எட்டாதே.

மகள் ஷாலுவுக்கு ஏழு வயது. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த குடும்பத்தில், உரசினால் உரிந்து கொப்புளிக்கும் தோலோடு பிறந்த பிள்ளை. ஆஸ்பத்திரி நர்ஸ் விஜயலக்ஷ்மி கட்டு மாற்றக் கற்றுக்கொடுத்த அன்றே தன் மலையாளத் தமிழில் சொல்லிவிட்டாள்: "இந்தக் குட்டியோட உடம்பு எந்நேரமும் சண்டையிலதான் இருக்கு, கேட்டோ. எதிர்ப்புசக்தி களைச்சுப் போயிரும். பெரிய கிருமி வந்தாலும் காய்ச்சல் அடிக்காம இருக்கலாம். காய்ச்சல நம்பாதீங்க. தினமும் கட்டை மோந்து பாருங்க. கெட்ட மணம் வந்தா அன்னிக்கே வரணும்."

உலகம்மாள் தலையாட்டினாள். தனக்கு மணம் தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. பிள்ளையின் புண்ணை மோந்தறியாதவளும் ஒரு தாயா என்று கேட்டுவிடுவார்களோ என்ற வெட்கம். பாழாய்ப்போன வெட்கம். புருஷன் தங்கபாண்டி பொன்முடிப் பக்கம் கட்டட வேலையில் கிடந்தான்; வீட்டில் வேறு ஆளில்லை. தினமும் கட்டை முகத்தருகே கொண்டுபோவாள், "ஒண்ணுமில்லட்டி" என்பாள், பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். சுடாது. அவள் ஊரில் காய்ச்சல் இல்லையென்றால் நோயும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை பிள்ளை எழுந்திருக்கவில்லை. கஞ்சியும் இறங்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கட்டைப் பிரித்ததும் விஜயலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எத்தனை நாளா இந்த மணம்?"

ஷாலு முந்திக்கொண்டாள். "இன்னிக்குத்தான், சிஸ்டர்."

நர்ஸ் சீட்டில் "ஒரு நாள்" என்று எழுதினாள். உலகம்மாள் மகளின் காதருகே குனிந்தாள். "உனக்குத் தெரிஞ்சுதாட்டி?"

"நாலு நாளா வருதும்மா. நீ மோந்துட்டு ஒண்ணுமில்லன்னியே. சொன்னா உன்னை ஏசுவாங்க."

உலகம்மாள் நிமிர்ந்தாள். "மாத்தி எழுதுங்க, சிஸ்டர். நாலு நாளு. எனக்கு எந்த மணமும் தெரியாது. நீங்க சொன்ன அன்னிக்கே தெரியாது."

விஜயலக்ஷ்மி ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். ஸ்ட்ரெச்சர் வந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது ஷாலு தலையைத் திருப்பினாள்.

"அம்மா, இனி நானே மோந்து சொல்லட்டா?"

"சொல்லு" என்றாள் உலகம்மாள். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.