கொடியில் துண்டு இல்லாத காலை

கத்தரி ‘கிறிச்’ என்றது. துண்டக்காவின் மடியில் கிடந்த வெள்ளைத் துண்டு தன் முதல் மூலையை இழந்தது.

“உனக்கு மேஜை துடைக்கிற வயசு தாண்டிடுச்சு. இனிமே அடுப்புமேடைதான். அழாதே,” என்று அதனிடம் சொல்லிவிட்டு, அதை மடித்து இன்னொரு அடுக்கில் வைத்தாள். அத்தனை ஆறுதலாகப் பேசி யாரையும் எந்த முதலாளியும் பதவியிறக்கம் செய்திருக்க மாட்டார்.

துண்டு தைக்கும் பட்டறையில் பிசிறு வெட்டுவது அவள் வேலை. ஓரம் கோணிப்போன துண்டுகள் அங்கே கிலோக் கணக்கில் சல்லிசாகக் கிடைக்கும். அவற்றை வாங்கி வந்துதான் வீடு முழுவதையும் ஆள்கிறாள். மூலை வெட்டாத துண்டு தட்டுக்கும் மேஜைக்கும். ஒரு மூலை போனது அடுப்புமேடைக்கு. இரண்டு போனால் ஜன்னலும் தரையும். மூன்று போனால் கக்கூஸ். நான்கும் போனதைத் துவைத்துக் காயவைத்து, தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவாள். “நல்லா உழைச்ச பிள்ளை, கிரீஸ் துடைச்சுக்குங்க,” என்பாள், பெண்ணைக் கட்டிக்கொடுப்பவள் போல.

காகிதச் சுருளை வாங்கி வந்து துடைப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. “பேப்பர்ல துடைச்சா அழுக்கோட காசும் குப்பைக்குப் போகுது. துண்டுல துடைச்சா அழுக்கு மட்டும்தான் போகுது.” இன்னொன்றும் அடிக்கடி சொல்வாள்: “ஈரத் துண்டையும் கோவத்தையும் மூடி வெக்கக் கூடாது. நாறிடும்.”

இதைக் கேட்டால் எதிர்வீட்டு மாடியில் இருக்கும் அவள் ஓரகத்திக்குப் பற்றிக்கொண்டு வரும். துண்டக்காவின் கணவருக்குக் கூடப்பிறந்த தம்பியின் மனைவி அவள். குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் சின்னவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்துதான். இரண்டு வருடமாக அந்தச் சந்தைத் தாண்டி ஒரு வார்த்தை போனதில்லை.

காரணம், ஒரு துண்டு. உறவுக்காரர்கள் எல்லாம் துண்டக்கா வீட்டில் சாப்பிடக் கூடியிருந்த நாள். வியர்வை தாங்காமல் முகம் கழுவிய சின்னவள், பாத்ரூம் கதவில் தொங்கிய துண்டை எடுத்து அழுந்தத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கையில் துண்டு. அதற்கு இருந்தது ஒரே ஒரு மூலை.

“அடிப்பாவி, அது மூணு வெட்டுடி,” என்றாள் துண்டக்கா. கூடம் சிரித்தது. அத்தோடு விட்டிருக்கலாம். “போகட்டும் விடு. உன் பவுடர்ல என் துண்டு வெளுத்துப்போச்சு,” என்றும் சேர்த்துச் சொன்னாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் துண்டக்கா ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் தனக்குப் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். அதற்கப்புறம் சேதி என்று ஏதாவது இருந்தால் சின்னவளின் கணவன் தபால்காரனாக நடந்தான்.

ஆனால் கண்ணுக்கு யார் தடை போடுவது? காலையில் சின்னவள் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும்போது, எதிர் பால்கனிக் கொடியில் துண்டுகள் வரிசையாக ஏறும். வெட்டாதவை ஒரு பக்கம், வெட்டியவை தள்ளி, மூன்று வெட்டு கடைசி ஓரத்தில். “அண்ணி கொடி ஏத்தியாச்சா?” என்று கணவன் கிண்டல் செய்வான். “எனக்கென்ன தெரியும், நான் என்ன காவலா?” என்பாள், பார்த்துக்கொண்டே.

போன மாதம் ஒரு விடுமுறைக் காலையில் தேநீர் கொதித்தது, இறங்கியது, ஆறியும் போனது. எதிரே கொடி காலியாகக் கிடந்தது.

“என்னங்க, உங்க அண்ணி துண்டு போடல.”

“லீவு நாள். தூங்கட்டுமே,” என்றான், முகத்தில் சோப்பு நுரையோடு.

“அவங்களா? காய்ச்சல்லயும் துவைச்சவங்க.”

போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. சின்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி எட்டிப் பார்த்தாள். துண்டக்காவின் கணவர் இப்படித்தான் ஒரு காலையில் எழுந்திருக்கவே இல்லை. மகன் வேலைக்காக வெளியூரோடு போய்விட்டான். இன்று பட்டறையும் கிடையாது. அவளைக் காணோம் என்று தேட உலகத்தில் ஒரு ஜீவன் இல்லை, இந்த ஜன்னலைத் தவிர.

அடுத்த நிமிடம் அவள் படியில் இருந்தாள். ஒரு காலில் தன் செருப்பு, மறுகாலில் கணவனுடையது. சந்தைத் தாண்டி, எதிர்ப்படி ஏறினாள். கதவின் பிடியில் பால் பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் யாரும் எடுக்கவில்லை. உள்ளே எங்கோ தண்ணீர் கொட்டும் சத்தம். குழாயைத் திறந்துவிட்டு விழுந்துகிடக்கிறாளா? சின்னவள் வாயில் இரண்டு வருடமாக வராத வார்த்தை, கதவில் விழுந்த அடியோடு சேர்ந்து வந்தது.

“அக்கா! அக்கா!”

தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்தது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் நகர்ந்தது.

துண்டக்கா நின்றாள். புடவையை முழங்காலுக்குச் செருகியிருந்தாள். கணுக்கால் வரை சோப்பு நுரை. வலது மணிக்கட்டில் ஒரு துண்டு இறுகச் சுற்றியிருந்தது.

“எதுக்குடி கதவ உடைக்கிற? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

சின்னவள் கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவளைக் குலுக்கியது. இத்தனை நேரம் நெஞ்சில் ஏறி நின்ற கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்ததுபோல் மூச்சு தாராளமாக வந்தது.

“கொடியில துண்டு இல்ல,” என்றாள் ஒருவழியாக.

“பிழிய முடியலடி. நேத்து வாளியத் தூக்கறப்போ கை பிசகிடுச்சு. உடையல, இங்க பாரு, விரல் ஆடுது. அதான் பாத்ரூம்ல போட்டு மிதிச்சுப் பாத்தேன். குழாய்ச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.” துண்டக்கா சட்டென்று நிறுத்தினாள். “என் கொடிய நீ எதுக்குப் பாக்குற?”

“கண்ணுக்கு நேரா கட்டினா பாக்காம என்ன பண்றதாம்?”

கீழே சந்திலிருந்து குரல் வந்தது. பாதி முகம் மழித்து, பாதி முகம் நுரையோடு, ஒற்றைச் செருப்பில் கொழுந்தன் நின்றான். “அண்ணி, என்ன ஆச்சு?”

துண்டக்கா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஒண்ணும் ஆகல. போய் மீதியச் செரச்சிட்டு வா. தெருவே பாக்குது.”

சின்னவள் எழுந்து பாத்ரூமுக்குள் போனாள். “முதல்ல டாக்டர்கிட்ட போகணும்.”

“முதல்ல துண்டு.”

வாளியிலிருந்து ஒன்றை எடுத்துச் சின்னவள் பிழிந்தாள். இரண்டு வருடக் கோபத்தையும் சேர்த்துப் பிழிந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“இப்படிப் பிழிஞ்சா அடுத்த வாரம்தான் காயும். ஒரு முனையக் கொடு.”

துண்டக்கா இடது கையால் ஒரு முனையைப் பிடித்தாள். இருவரும் முறுக்கினார்கள். துண்டு இருவர் கையிலும் சும்மா சுழன்றது. ஒருத்தி திருப்பிய பக்கமே மற்றவளும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“எதிர்ப்பக்கம் திருப்புடி.”

“நீங்க திருப்புங்க.”

துண்டக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். துண்டின் முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி நெஞ்சோடு அணைத்து, ஈரத் தரையில் இரண்டு காலையும் அகட்டி ஊன்றினாள்.

“நான் சும்மா பிடிச்சுக்கறேன். நீ முறுக்கு.”