சட்டமா, நிலையா?

யார் வீட்டுக்குப் போனாலும் மீனலோசினி வாசலில் ஒரு நொடி நின்றுவிடுவார். கும்பிடுவதற்காக அல்ல. கதவின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கீறி, உள்ளே முழு மரமா, துண்டுகளை ஒட்டியதா, நடுவில் வெறும் அட்டைக்கூடா என்று பார்ப்பார். போன தையில் ஒரு வளைகாப்பு வீட்டில், சந்தனக் கிண்ணத்தோடு வந்த வீட்டுக்காரி அவர் கீறுவதைப் பார்த்துத் திகைத்துப்போனாள். கணவர் விஸ்வநாதன்தான் சமாளித்தார்: "ஏட்டி, உள்ள வா. கதவு எங்கயும் ஓடிப் போயிராது." மீனலோசினி அசரவில்லை. "நல்ல கதவுன்னுதான் பாக்கேன். தொட்டா தேஞ்சா போவும்?"

வேலை அப்படி. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பது அப்துல் ஜப்பாரின் தொழில். அவருடைய அலுவலகத்துக்கு வேண்டிய தாள்களை, சங்கரன்கோவிலில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, பத்து வருடங்களாகத் தயாரித்துத் தருகிறார் மீனலோசினி. கப்பலில் வரும் எந்தப் பொருளுக்கும் சுங்க அட்டவணையில் ஓர் எண் உண்டு. அதைப் பொறுத்துத்தான் வரி, அதைப் பொறுத்துத்தான் சலுகை. மரமும் மரத்தில் செய்த கதவு, நிலை போன்றவையும் அதில் நாற்பத்திநாலாவது அத்தியாயம். அவரிடம் இருக்கும் பருத்த புத்தகத்தில் அந்த அத்தியாயத்தின் பக்கங்கள் மட்டும் அப்பளம் போல வளைந்து, ஓரமெல்லாம் மஞ்சள் பொடி விரல் ரேகைகளோடு இருக்கும். சமையலுக்கு நடுவிலும் அதைப் புரட்டுகிறவர் அவர்.

பார்க்கும் பொருளையெல்லாம் மனம் தானாக எண்ணில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. ஒருநாள் பூக்கார கோகிலாவிடமே ஆரம்பித்துவிட்டார். "மாலையாக் கட்டினாலும் கட்டாம வித்தாலும் பூவுக்கு ஒரே வீடுதான், கோகிலா. மரத்த அப்படி விட மாட்டாங்க. தடியா வந்தா ஒரு வீடு, அறுத்தா ஒரு வீடு, ஓரத்துல இழைச்சு வளைவு எடுத்தா இன்னொரு வீடு. கதவு, நிலைன்னு ஆயிட்டா தெருவே வேற."

"சரிக்கா. ரெண்டு முழம் போதுமா?" என்றாள் கோகிலா.

அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "பேரு வித்தவன் வைக்கது. நம்பரு பொருளோட ஒடம்புலதான் இருக்கு." இதைச் சொல்லும்போது குரலில் ஒரு கண்டிப்பு வந்துவிடும். எதிரில் இருப்பவர் அதன்பிறகு பேச மாட்டார். இந்த ஆனி மாதம்வரை அது நல்லதற்குத்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

திருவேங்கடம் சாலையில் மரக்கடை வைத்திருக்கும் பெத்துராஜுக்கு அது முதல் கண்டெய்னர். மலேசியாவிலிருந்து வருகிறது. சிவகிரிப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த முப்பது வீடுகளுக்கு வாசல் நிலை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஆடி பிறந்துவிட்டால் அங்கே ஒருவரும் நிலை வைக்கமாட்டார்கள். முப்பது வீடும் ஒரு மாதம் வாசலில்லாமல் நிற்கும். அந்தக் கலவரத்தோடுதான் தாள்களை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

அனுப்பியவன் எல்லாவற்றையும் 'இழைத்த மரச்சட்டம்' என்று எழுதி, நாற்பத்திநாலு பூஜ்யம் ஒன்பது என்று எண் போட்டு, மலேசியச் சரக்குக்குரிய வரிச்சலுகைக்கான சான்றிதழும் அதே எண்ணில் வாங்கியிருந்தான். கூடவே இரண்டு படங்கள். மீனலோசினி படத்தைப் பெரிதாக்கினார்.

"இது சட்டம் இல்ல அண்ணாச்சி. மூலையில பொருத்துக்கு வெட்டியிருக்கான். கீலுக்குப் பள்ளம் எடுத்திருக்கான். தாப்பா விழ ஓட்ட போட்டிருக்கான். இது நிலை. கழத்தி அடுக்கி அனுப்பினா நிலை இல்லன்னு ஆயிருமா? நாப்பத்திநாலு பதினெட்டு."

"சர்டிபிகேட்டுல ஒம்போதுன்னுல்லாம்மா இருக்கு. நம்பர் ஒத்துப்போகலேன்னா சலுகை போயிருமே."

"போகத்தான் செய்யும். புதுசா வாங்கித் தரச் சொல்லுங்க."

"நீளச் சட்டமும் கொஞ்சம் வருதுன்னு அவன் போன்ல..."

"அதான் படம் இருக்குல்லா அண்ணாச்சி."

பெத்துராஜ் தாள்களை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். எல்லாவற்றையும் நிலை என்றே மாற்றி எழுதச் சொல்லி, பழைய சான்றிதழ் மலேசியாவுக்குத் திரும்பிப் போனது.

புதுச் சான்றிதழ் வரப் பதினோரு நாள் ஆயிற்று. தினமும் காலையில் பெத்துராஜின் போன் வரும். "வந்துட்டாம்மா?" "இல்ல அண்ணாச்சி." அவ்வளவுதான் பேச்சு. வந்து சேர்ந்தபோது ஆடிக்கு ஐந்து நாள் இருந்தது. சுங்கத்தில் சரக்கைத் திறந்து பார்க்கும் நாளில், வழக்கத்துக்கு மாறாக, தானே போவதென்று மீனலோசினி முடிவு செய்தார். தன் எண்ணில் அவருக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. முதல் சரக்கு, மனிதர் பயந்துபோயிருக்கிறார், பக்கத்தில் நிற்கலாம் என்றுதான். விடிந்ததும் கோவில்பட்டி வழியாகப் பஸ் பிடித்தார்.

சரக்குக் கிடங்கில் கண்டெய்னரின் கதவைத் திறந்தார்கள். முன்னால் இருந்த நான்கு அடுக்கும் நிலைகள்தான். வெட்டு, பள்ளம், ஓட்டை, எல்லாம் படத்தில் பார்த்தபடியே. மீனலோசினி பெத்துராஜைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஐந்தாவது அடுக்கைப் பிரித்தபோது கட்டு நீளமாக வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் சமதளம். கதவைச் சுற்றி அழகுக்கு அடிக்கும் நீளச் சட்டம். மீனலோசினி ஒரு முனையில் உள்ளங்கையை வைத்து மறுமுனைவரை நடந்தார். ஒரு வெட்டு இல்லை, ஓர் ஓட்டை இல்லை. பின்னால் இருந்த கட்டுகள் எல்லாமே அப்படித்தான். கதவோரம் இருந்த முதல் அடுக்கைத்தான் அனுப்பியவன் படம் பிடித்திருக்கிறான்.

"இதுவும் நிலையாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்ல சார். சட்டம்."

'அப்பவே சொன்னேம்லா' என்று பெத்துராஜ் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. வெளியே போய் ஒரு டீ வாங்கிவந்து மீனலோசினியின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அந்த டீ ஆடை படிந்து ஆறிப்போனது.

ஆடிக்கு இரண்டு நாள் முன்னால் நிலைகள் சிவகிரிக்குப் போய்ச் சேர்ந்தன. முப்பது வாசலிலும் மஞ்சளும் குங்குமமும் ஏறின. நீளச் சட்டத்துக்கு மட்டும் சலுகை கிடைக்கவில்லை. அதற்குச் சரியான எண் இருந்தது பழைய சான்றிதழில். அதைத்தான் திருப்பி அனுப்பிவிட்டார்களே. அந்தச் சட்டங்களுக்கு முழு வரி விழுந்தது. முதல் சரக்கில் பெத்துராஜுக்குக் கையில் ஒன்றும் நிற்கவில்லை.

இதெல்லாம் பிற்பாடு நடந்தது. சரக்கைத் திறந்த அன்று மதியம் நடந்ததுதான் சொல்ல வேண்டியது.

எல்லாம் நிலை என்று சுங்கத்தில் கொடுத்திருந்த மனுவைத் திருத்த அதிகாரிக்கு ஒரு கடிதம் தரவேண்டும். நாலு மணிக்குள் தந்தால் நாளையே வேலை நகரும். அப்துல் ஜப்பார் போனில் சொன்னார்: "மீனா, டைப்பிங் மிஸ்டேக்னு காரணம் போட்டுரு. எல்லாரும் போடுறதுதான். வேற ஏதாச்சும் எழுதினா கேள்வி வரும், பாத்துக்க."

"சரி சார்" என்றார். கட்டுகளின் மேல் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து அப்படியே எழுதினார். எழுதிய வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை. அந்த எண்ணை அவர் நிதானமாக, நம்பி, இரண்டு தடவை சரிபார்த்துத்தான் அடித்தார். மாடியறையில் பாதியில் நின்றுபோன ஒரு மனிதரின் பேச்சு காதில் வந்து நின்றது.

கடிதத்தில் அந்த வரியைக் கோடிட்டு அடித்தார். கீழே எழுதினார்: 'பொருளை நேரில் பார்க்காமலும், இறக்குமதியாளர் சொல்ல வந்ததைக் கேட்காமலும் வகைப்படுத்தியது என் தவறு.' கையெழுத்தும் போட்டார்.

அதிகாரியின் அறை எதிரிலேயே இருந்தது. மீனலோசினி எழுந்து மறுபக்கம் நடந்து, தூணோரம் நின்ற பெத்துராஜிடம் கடிதத்தை நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க அண்ணாச்சி. வேற எதையும் விட்டிருக்கேனா?"