துணிக்கு அந்தப் பக்கம்

பாப்பம்மா எனக்குப் பெரியம்மா முறை. என் தாயாருடைய பெரியப்பா மகள். ஜெராய் மலைக்குக் கிழக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அங்கேயே வெட்டுக்காரரான அம்மாசியைக் கட்டிக்கொண்டவள். பிள்ளைகள் பிறந்தன, தங்கவில்லை. தாய் தகப்பன் போன பிறகு தம்பி பக்கிரிசாமியைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். சிறுத்த உடம்பு, பேச்சு கம்மி. ஒன்றை நம்பிவிட்டால் பிறகு யார் சொன்னாலும் மாறாத மனுஷி.

அம்மாசிப் பெரியப்பாவுக்கு வலது தோளில் ஒரு குறை. இளவட்டமாக இருந்தபோது காய்ந்த கிளை விழுந்து காறை எலும்பு உடைந்து, கோணலாகக் கூடிப்போனது. இரண்டு பால் வாளியையும் ஒரு கம்பின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பார்கள். காண்டாக் கம்பு என்போம். மற்றவர்கள் அதை வலது தோளில் போடுவார்கள், வலித்தால் மாற்றுவார்கள். அவருக்கு மாற்றத் தோள் கிடையாது. மேடானாலும் பள்ளமானாலும் இடது தோள்தான். மலைச்சரிவில் எத்தனை பேர் இறங்கி வந்தாலும் தூரத்திலேயே அவரைத் தெரிந்துகொண்டு பெரியம்மா தண்ணீர் மொண்டு வைப்பாளாம்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனான். பால்வெட்டு நின்றது. அரிசி அற்றுப்போய், குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் மரவள்ளி போட்டு அதைத் தின்று கிடந்தார்கள். அப்புறம் சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். ரயில் பாதை போடுகிற வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஏற்றிய முதல் கூட்டத்தில் அம்மாசிப் பெரியப்பா போனார். மூன்று மாதம் ஆனது. வரவில்லை. போன ஒருத்தரும் வரவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை.

மறுபடியும் ஆள் கேட்டார்கள். இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு ஆண். பெரியம்மா வீட்டில் பக்கிரிசாமி மாமாதான் மிச்சம். மலைக்கு அந்தப் பக்கம் யான் என்ற ஊரில் வயல் வைத்திருந்த பாக் ஓமார் என்ற மலாய்க்காரர் பெரியப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். தம்பியை அனுப்பு, வயல் குடிசையில் கிடக்கட்டும், யாரும் தேடி வரமாட்டார்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். மாமா போவதற்குத் துணி மூட்டைகூடக் கட்டியாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் படம் காட்ட வந்தார்கள்.

பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டினார்கள். லாரியில் மின்சாரம் உண்டாக்கும் இயந்திரம். படம் ஓட்டியவர் மோரிஸ், சுங்கைப் பட்டாணியில் போட்டோக் கடையில் வேலை பார்த்த வேதக்காரர். ஜப்பான் அதிகாரி பேசியதைத் துபாஷி தமிழில் சொன்னார். ஜப்பானிலிருந்து புதுக் கேமரா வந்திருக்கிறது, அதில் மாதிரிக்குப் பிடித்த முதல் படம் இது, சயாமில் உங்கள் ஆட்களை வைத்தே எடுத்தது, வதந்தியை நம்பாமல் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆண்கள் துணிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சிப்பாய்களும் அங்கேதான் நின்றார்கள். வயசுப் பெண்களை அவர்கள் கண்ணில் காட்டக் கூடாதென்று, பெண்கள் எல்லோரும் துணிக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சாமி ஊர்வலம் என்றாலும் எங்கள் தோட்டத்தில் பெண்கள் தனிப் பக்கம்தான், அதனால் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. துணி மெல்லியது, படம் பின்னாலும் நன்றாகவே தெரிந்தது. நடுவில் ஓடிய எழுத்து ஜப்பான் எழுத்து. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் எங்கள் ஆட்களுக்கு ஒன்றுதான்.

படத்தில் ஆட்கள் மண் வெட்டினார்கள், கூடையில் தலைச்சுமையாக அள்ளினார்கள். அப்புறம் வரிசையாக உட்கார்ந்து சோறு தின்றார்கள், சிரித்தார்கள். வெள்ளைச் சோறு.

படம் முடிந்ததும் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் தர்மலிங்கம் கிராணி லயத்துப் பக்கம் வந்து ரகசியமாகச் சொன்னார்.

"சயாமாவது மண்ணாவது. இங்கதான் எங்கயோ எடுத்திருக்கான். சட்ட மடிப்புகூட கலையல, பாத்தீங்களா? காட்டுல வேல செய்யிறவன் சட்டையா அது?"

"சோறாச்சும் நெசமா கிராணி?" என்று ஒருவர் கேட்டார்.

"சோறு நெசம்தான் லா. படம் எடுத்து முடிச்சதும் திரும்பப் பிடுங்கியிருப்பான்."

சிரித்தார்கள். பொய்ப் படம் என்றே பலரும் முடிவுகட்டினார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய்த் தம்பியைக் கூப்பிட்டாள்.

"மாமாவப் பாத்தியாடா?"

"எங்கக்கா?"

"படத்துலடா. தண்ணி டின்ன காண்டாவுல போட்டு மேட்டுல ஏறுனாரே ஒருத்தரு. மொகம் தெரியல. எடது தோள்ல போட்டிருந்தாரு."

"நான் சோத்தத்தாங்கா பாத்தேன்."

"மனுசன பாக்கலையா?"

"சோறு வந்த பொறவு மனுசன் எங்க கண்ணுக்குத் தெரியிறான்."

எவனெவனோ இடது தோளில் போடுவான், தோள் மாற்றியிருப்பான் என்று பக்கிரிசாமி மாமா சொல்லிப் பார்த்தார். பெரியம்மா விடவில்லை. மேட்டில் ஏறும்போது எவனும் பலமான தோளில்தான் போடுவான், ஏறி முடிக்கிற வரைக்கும் அந்த ஆள் மாற்றவே இல்லை என்றாள். அவள் சொன்னது தொழில் தெரிந்த பேச்சு. மாமாவும் பால் சுமந்தவர், அது அவருக்கும் தெரியும். சட்டை மடிப்பைக் கிராணி பார்த்தார். பெரியம்மா தன் புருஷனின் தோளைப் பார்த்தாள். எது பெரிய சாட்சி?

"அப்ப நான் யானுக்குப் போகவா, வேணாமா?"

"ஒளிஞ்சு கெடந்து கெழங்கு திங்கிறத விட, அங்க மாமாவோட சோறு தின்னு. ரெண்டு பேருமா திரும்பி வாங்க. அவரு தனியா கெடக்காருடா."

புருஷன் உயிரோடு இருக்கிறான் என்ற சேதியை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்து, லயத்தில் ஒருத்தரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. முன்பக்கம் உட்கார்ந்து பார்த்த ஒரு ஆணிடம் அந்தத் தோளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பக்கிரிசாமி மாமா தானாகவே போய்ப் பேர் கொடுத்தார். கங்காணிக்கே ஆச்சரியம். கட்டி வைத்த அதே மூட்டையோடு லாரி ஏறினார். பெரியம்மா அவித்த கிழங்கு கொடுத்தனுப்பினாள். அங்கேதான் சோறு இருக்கிறதே என்று பாதியை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாராம்.

வருஷம் திரும்புவதற்குள் மறுபடியும் ஆள் பிடிக்க வந்தார்கள், மறுபடியும் அதே களத்தில் துணி கட்டினார்கள். இப்போது முன்னால் உட்கார ஆண்கள் இல்லை. கிழடுகளும் நோயாளிகளும்தான். இடம் வெறிச்சென்று கிடக்கவே, துபாஷி அதட்டிப் பெண்களை முன்பக்கம் வரச்சொன்னார்.

மண் வெட்டினார்கள். சோறு தின்றார்கள். காண்டாக் கம்போடு அந்த ஆள் மேட்டில் ஏறினான். வலது தோளில்.

படம் முடிந்து மோரிஸ் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா போய், இது வேறு படமா என்று கேட்டாள். அதே படம்தான், தன்னிடம் இருப்பதே இந்த ஒன்றுதான் என்றார் அவர்.

"அன்னைக்கு அந்த ஆளு எடது தோள்ல போட்டிருந்தாரு தம்பி. இன்னைக்கு வலது."

"அன்னைக்கு எங்க உக்காந்திருந்தீங்க அக்கா?"

"துணிக்கு அந்தப் பக்கம்."

மோரிஸ் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"பின்னாலேருந்து பாத்தா வலது எடதாத்தான் அக்கா தெரியும். கண்ணாடில பாக்குற மாதிரி."

பெரியம்மா அவரைத் திட்டவில்லை, அழவும் இல்லை. படத்தை இன்னொரு தடவை ஓட்ட முடியுமா என்று மட்டும் கேட்டாள். அதிகாரி நிற்கிறார், முடியாது என்று அவர் தலையாட்டினார். அவள் துணியின் பின்பக்கம் போய் நின்றாள். வெறும் துணிதான். அதையும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

போன பக்கிரிசாமி மாமாவைத் திருப்பிக் கூப்பிட வழியில்லை. எந்த ஊர், எந்தக் காடு என்று கேட்கவும் ஆளில்லை. யானுக்கு நடந்து போய்ப் பாக் ஓமாரிடம் சொன்னாள். குடிசை காலியாகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னாராம். வேறென்ன சொல்வார்.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு சயாமிலிருந்து கொஞ்சம் பேர் திரும்பினார்கள். எங்கள் தோட்டத்துக்கு வந்தவர்களில், பெரியப்பாவோடு முதல் கூட்டத்தில் போன ராமையா ஒருவர், காலில் புண்ணோடு. அவரைப் பெரியம்மா தேடிப் போகவில்லை. அவரே வந்து வாசலில் உட்கார்ந்து சொன்னார். அம்மாசி போன முதல் மழையிலேயே வாந்திபேதியில் முடிந்துவிட்டார். படம் காட்டுவதற்கு வெகு நாளைக்கு முந்தி.

"பக்கிரிசாமி?"

"அவன் கூலிங்கள அடைச்சு வெச்ச வேறொரு காம்புல இருந்தான் அக்கா. நல்லாத்தான் இருந்தான். மாமாவத் தேடுறேன்னு ஒவ்வொரு காம்பா மாத்திக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனான். எடது தோள்ல காண்டா போடுற ஆளு இருக்காரான்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் கேப்பான். மாமா செத்துட்டாருடான்னு நானே சொன்னேன். நம்பல. எங்கக்கா படத்துல பாத்திருக்குன்னான். மேல, காய்ச்சக் காட்டுக்குப் போனவன்தான்."

அன்றைக்கே பெரியம்மா தாலியைக் கழற்றினாள். கழற்ற வந்த பெண்களிடம், "புருசனுக்குக் கழட்ட இது இருக்கு. தம்பிக்கு நான் எதக் கழட்டுறது?" என்று கேட்டாளாம்.

பால்வெட்டு மறுபடி தொடங்கியதும் வேலைக்குப் போனாள். கையில் தெம்பு இருந்த வரைக்கும் வெட்டினாள், அதன் பிறகு என் தாயார் வீட்டில் இருந்து, அங்கேயே கண்ணை மூடினாள். யார் எதைச் சொன்னாலும் ஆமாம் என்றோ இல்லை என்றோ அவள் சொல்லி நான் கேட்டதில்லை. மழை வருமா என்று கேட்டால்கூட, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பாள்.