தரையைத் தொடுகிற பெண்

நாரணாபுரத்துக்கு வெளியே பொட்டலைச் சுற்றிப் பார்க்கப் போனவன், கருவேலங்காட்டில் வழிதவறினேன். தண்ணீர் தீர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்ட நேரத்தில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டேன். அவர் நக இடுக்குகளில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி ஒட்டியிருந்தது.

அவருடைய தண்ணீர்க் கேனுக்குக் கை நீட்டினேன்.

"அண்ணே, மொதல்ல தரையத் தொடுங்க."

"ஏம்மா, தண்ணியுமா வெடிக்கும்?" என்றேன், அவர் நகத்து மருந்தைப் பார்த்து.

"பட்டாசுக் கம்பெனியில மருந்த எடுக்குறதுக்கு முன்ன, ஒடம்புல உள்ள கரண்டு எறங்கணும்னு தரையத் தொடுவோம், இல்லன்னா பொறி பட்டு வெடிச்சிரும். லீவு நாள்லயும் பழக்கம் விடமாட்டேங்குது. சிரிக்காமத் தொட்டுட்டுக் குடிங்க."

தொட்டுவிட்டுக் குடித்தேன். போன உயிர் திரும்பியது.

"அங்கன தெரியுற வேம்புக்குப் பின்னால ரோடு" என்றார்.

நிம்மதியாக நடந்தவன் திரும்பிப் பார்த்தேன். குனிந்து தரையைத் தொட்டுவிட்டுத்தான் ஆட்டுக்குட்டியைத் தூக்கினார். வீட்டில் பிள்ளையைத் தூக்கும்போதும் இப்படித்தானோ என்று இன்னும் யோசிக்கிறேன்.