மதனவல்லி என்று மூன்று முறை

தொலைக்காட்சியில் அந்தப் பழைய ராஜா காலத்துப் படம் ஓடியது. தாசி மதனவல்லியிடம், அவள் காதலிக்கும் எதிரி நாட்டு இளவரசனுக்கே விஷம் வைக்கச் சொல்கிறான் ராஜா. அவள் விஷக் கிண்ணத்தைக் கவிழ்க்கிறாள். அவள் சலங்கைச் சத்தம் என்னை எங்கள் பழைய வேலந்தாவளத்து வீட்டுக்கே இழுத்துப் போய்விட்டது.

அன்று தங்கைக்குப் பேர் வைக்கும் நாள். வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. குழந்தையின் காதில் முதலில் பேர் சொல்லும் உரிமை அத்தைக்கு. குலதெய்வத்தின் பேர் என்று ஆண்கள் முடிவு செய்திருந்தார்கள். அந்த வாரம்தான் டாக்கீஸில் இந்தப் படத்தைப் பார்த்திருந்த அத்தை, குழந்தையின் காதை வெற்றிலையால் மறைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மூன்று முறை சொன்னாள்: "மதனவல்லி!"

சித்தப்பா குதித்தார். "ஏனக்கா, ஊர்ல வேற பேரே இல்லீங்களா? தாசி பேருங்க அது!"

"ராசாவே சொல்லியும் விசம் வெக்க மாட்டேன்னவ பேருடா அது. உனக்கு ராசா பேர வெச்சப்ப யாராச்சும் வாயத் தொறந்தாங்களா?"

"வேற பேரு மாத்திக்கலாம்" என்றார் அப்பா, மெல்ல.

"காதுக்குள்ள போன பேர எதுல தோண்டி எடுப்பீங்க?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சிரிக்கத்தான் செய்தார்கள். இன்றைக்கும் 'வல்லி' என்று சுருக்கிக் கூப்பிட்டால் என் தங்கை திரும்பிப் பார்ப்பதில்லை.